கல்லறைக்குப் போகும் வழியில் ஒரு ஹோட்டல்

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் படிக்கிற யாராவது கைப்பேசியில் படம் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே போனவர்கள் செய்துவைத்திருப்பது போதும். இலங்கையின் மேற்குக் கரையில் கத்தோலிக்க மீனவர்கள் இருக்கிற ஊர் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. அரியலூர் - ஜெயங்கொண்டம் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டர். பெரம்பலூரைத் தாண்டினாலே எனக்கு வெளியூர்தான். போனது அக்காவுக்காக.

அக்கா ஆரோக்கியமேரி வரதராஜன்பேட்டையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து, என் மாமா, நல்ல சமையல்காரர். நான் சொன்ன அந்தக் கடற்கரை ஊரில் ஒரு சின்ன லாட்ஜில் வேலைக்குப் போனார். கொரோனாவில் விமானங்கள் நின்றிருந்த சமயம் நெஞ்சுவலி வந்து அங்கேயே இறந்துபோனார். லாட்ஜ் முதலாளி நல்ல மனிதர். கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, அதை ஃபோனில் காட்டினார். அக்கா ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து அதற்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். படம் நடுவில் நின்று நின்று வந்தது. புருஷனின் அடக்கத்தை அவள் அப்படித்தான் பார்த்தாள்.

எங்கள் ஊரில் கல்லறைத் திருநாள் வந்தால் ஒரு வாரம் முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி வைப்போம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். வெளியூரில் புதைத்தவர்களுக்காக நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் காலடியில் திரி ஏற்றுவார்கள். அக்கா வருஷா வருஷம் அங்கேதான் நின்றாள். போன வருஷம் திரும்பி வரும்போது, “எல்லாரும் அவங்கவங்க ஆளுங்ககிட்டப் போறாங்க, நான் பொதுவுல நிக்கிறேன்டா” என்றாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, இந்த வருஷம் அவளை அங்கேயே கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன்.

கிளம்பும்போதே ஒரு கூத்து. திருச்சி விமான நிலையத்தில் அக்காவின் பையைத் திறந்தவர், பாலித்தீன் பையில் கட்டியிருந்த வெள்ளைப் பொடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“சுண்ணாம்பு சார்” என்றாள் அக்கா. “எங்க வூட்டுக்காரரு கல்லறைக்கு வெள்ளையடிக்க.”

கூடவே சுண்ணாம்பு அடிக்கிற மட்டை ஒன்றும் வைத்திருந்தாள். அவர் மட்டையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “அங்கயும் சுண்ணாம்பு கிடைக்கும்மா” என்று சொல்லி, பொடியை எடுத்துக்கொண்டு மட்டையைக் கொடுத்துவிட்டார். மட்டையாவது மிஞ்சியதே என்று அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டே பறந்தாள்.

கொழும்பில் நாங்கள் ஏறிய வேனின் டிரைவர் நேராகப் போவதாகச் சொன்னார். நேராகப் போகவில்லை. வழியில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் காபி சாப்பிடுங்கள் என்றார். உள்ளே போனால் சென்னையிலும் இருக்கிற, துபாயிலும் இருக்கிற அதே காபிக் கடை. ஒரு கோப்பைக்குள் பாதி நுரை. பெரம்பலூர் பைபாஸ் மோட்டல்களில் பஸ்ஸை நிறுத்தி, “வேற எங்கயும் நிக்காது” என்று பயணிகளை இறக்கிவிடுகிற வித்தை எனக்குத் தெரியாததா? டிரைவருக்குத் தனியாக உள்ளே ஒரு சாப்பாடு போடுவார்கள். இவருக்கும் போட்டார்கள். தொழில் ஒன்றுதான், கண்ணாடி மட்டும் புதுசு.

ஊருக்குள் நுழைந்ததும் அக்கா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த ஊர் காதால் தெரியும். மாமா தினமும் வேலை முடிந்து ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்துதான் ஃபோன் பேசுவார். “லாட்ஜுல இருந்து எறங்குனா புன்னை மரம். அதுக்குப் பக்கத்துல சந்து. சந்து முடியிற எடத்துல கல்லறை. அதுக்கந்தாண்ட கோயிலு. எங்க பாத்தாலும் கருவாடு காயுது. கடல் சத்தம் கேக்குதா?” என்பார். வீட்டு வாசலில் சிமெண்டு லாரி போய்க்கொண்டிருந்தாலும் அக்கா, “கேக்குது கேக்குது” என்பாள். அந்த அடையாளங்களை வைத்துக்கொண்டு அவள் தேடிக்கொண்டே வந்தாள். வரிசையாக பர்கர் கடை, பீட்சா கடை, மசாஜ் கடை, மறுபடி காபிக் கடை. பலகைகளில் ஆங்கிலம் இருந்தது, ரஷ்ய எழுத்து இருந்தது. சிங்களத்தையும் தமிழையும் கழிவறைப் பக்கம் ஒரு பலகையில் பார்த்தேன்: குப்பை போடாதீர்கள் என்று. உள்ளூர்க்காரனிடம் சொல்ல அவர்களுக்கு இருந்த சங்கதி அது ஒன்றுதான்.

லாட்ஜ் இருந்த இடத்தில் நான்கு மாடி ஹோட்டல் நின்றது. பல நாடுகளில் கிளை உள்ள கம்பெனியாம். லாட்ஜ் முதலாளி இடத்தை விட்டுவிட்டு மகளோடு கண்டிப் பக்கம் போய்விட்டார். எங்களுக்கு இடம் கொடுத்தது ஸ்டெல்லா அக்கா. அந்த லாட்ஜில் துணி வெளுத்தவர், மாமாவைத் தெரிந்தவர், இப்போது கருவாடு விற்கிறார். அவர் பேசியது சிங்களமும் தமிழும் பின்னிய பேச்சு. எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

“உன் புருஷன் வைக்கிற மீன் குழம்புக்காகவே வெள்ளைக்காரர்கள் இன்னும் ஒரு நாள் தங்குவார்கள்” என்றார் அக்காவிடம். “நான் மூன்று வருஷம் அவர் கல்லறையில் திரி ஏற்றினேன். பிறகு அந்தச் சந்து வழியை அடைத்துவிட்டார்கள்.”

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். “அடைச்சிட்டாங்கன்னா?”

ஒரு மழைக்காலத்தில் தகரம் அடித்தார்களாம். வேலை நடக்கிறது, முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்றார்களாம். அடுத்த மழைக்குத் தகரம் சுவராகிவிட்டது. சந்தும் புன்னை மரமும் ஹோட்டலுக்குள் போய்விட்டன. கோயில் பக்கம் ஓடை, அந்த வழியாக நடக்க முடியாது. இப்போது கல்லறைக்குப் போக ஹோட்டலின் பின்கதவுதான் வழி, அதுவும் அவர்கள் திறந்துவிட்டால். கல்லறைத் திருநாளன்று காலையில் கோயில் ஆட்களுக்குத் திறப்பார்கள், விருந்தினர்கள் எழுந்து பலகாரம் சாப்பிட வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவனைப் பார்க்கப் போவதற்கு இட்லி நேரம் பார்க்க வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது? நான் சத்தம் போட்டேன். ஸ்டெல்லா அக்கா, “என்னிடம் கத்தி என்ன செய்ய, தம்பி” என்றார். அதுவும் சரிதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வைத்த மீன் குழம்பு கறுப்பாக, புளிப்பு வேறு மாதிரி இருந்தது. கூட இடித்த தேங்காய்ச் சம்பல். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, “இதத்தான் அவரு லீவுல ஊருக்கு வந்தப்ப வச்சிக் குடுத்தாரு, நான் நல்லா இல்லன்னுட்டேன்” என்றாள். பிறகு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் கடற்கரையைப் பார்க்கப் போனோம். கடலைப் பார்க்க முடிந்தது, கரையைத்தான் பார்க்க முடியவில்லை. எங்கே திரும்பினாலும் சாய்வு நாற்காலி. நாற்காலிக்கு நாற்காலி ஹோட்டலின் பெயர், துண்டில் பெயர், இளநீரைச் சீவி அதன் மேலேயும் பெயரைச் சுட்டு வைத்திருந்தார்கள். தென்னை மரம் காய்த்ததற்கு இவன் எப்படிச் சொந்தக்காரன்? மீனவர்களின் படகுகளை ஒரு ஓரமாக, சாக்கடை விழுகிற இடத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். கருவாடு காய வைக்கக் கூடாதாம், நாற்றமாம். ஒரு கடையில் மீன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஐரோப்பாவிலிருந்து வந்த மீன், ஐஸில் வைத்தது என்றார் பரிமாறுகிறவர். அவருக்குப் பின்னால் அலை அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மேஜையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “போன வருஷம் போன ஊர் இதைவிட நன்றாக இருந்தது.” “எந்த ஊர்?” “பெயர் மறந்துவிட்டது. இதே ஹோட்டல்தான்.”

சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. மணலோரமாக நடந்து வந்த அக்கா சட்டென்று நின்றாள். ஹோட்டலின் புல்வெளி கடல் வரைக்கும் சரிந்து வருகிறது. அதில் வரிசையாகச் சிலுவைகள், வளைந்த தலைக்கல்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் பூவும் விளக்கும். நவம்பர் மாதம் முதல் தேதி. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய சாயங்காலம். எங்கள் ஊரிலும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும்.

“பாருடா” என்றாள் அக்கா. அவள் குரல் மாறிவிட்டது. “எவ்வளவு அழகா வச்சிருக்காங்க. நாம என்னென்னமோ பேசிட்டோம்.”

எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து திட்டிய திட்டையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனோம். அக்கா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பெயர் பார்த்தாள். பெயர் எதிலும் இல்லை, இளைப்பாறட்டும் என்கிற மூன்று ஆங்கில எழுத்து மட்டும்தான் இருந்தது. “நாளைக்கிச் சாமியாரக் கேட்டுக்கலாம்” என்று ஒரு கல்லின் முன்னால் முழங்காலில் இருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த திரியில் ஒன்றை ஏற்றினாள். “சவரி, வந்துட்டேன்யா” என்று சொல்லிக் கல்லைத் தொட்டாள். கல் ஆடியது.

அது தெர்மாகோல். அடியில் கம்பி குத்தி நிறுத்தியிருந்தார்கள். அவள் கை பட்டதும் உள்ளேயிருந்து ஒரு மோட்டார் கரகரவென்று ஓடி, மண்ணுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் எலும்புக் கை ஒன்று எழுந்து ஆடிற்று. எங்கிருந்தோ பேய்ச் சிரிப்பு போட்டார்கள். அக்கா பின்னால் சாய்ந்து விழுந்தாள்.

பார் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவளையும் காட்சியில் சேர்ந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். மாவு பூசிய முகத்தோடு, கன்னத்தில் சிவப்புச் சாயம் வழிய, ஒருத்தன் வந்து இன்னொரு முறை அதேபோல் முழங்காலில் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினான். ஃபோனைத் தயாராகப் பிடித்திருந்தான். அவனை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. எங்கள் தடத்தில் சில்லறைத் தகராறில் வருகிற வார்த்தைகள். புரியாமல் அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

ஓடி வந்த காவலாளி மலையகத்துத் தமிழர். எங்கள் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. “அம்மா, இது வெள்ளைக்காரங்க கொண்டாடுற பேய்த் திருநாளுக்குப் போட்ட செட்டும்மா. இந்தக் கிழமை முழுக்க, ஏழு நாளும் இருக்கும். நெசக் கல்லறை அந்தச் செவருக்குப் பின்னுக்கு இருக்கு” என்று அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார். அக்கா எரிகிற திரியை ஊதி அணைத்தாள். புகை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதைப் பைக்குள் போட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

காலையில் கோயில் ஆட்களோடு பின்கதவுக்குப் போனோம். ஸ்டெல்லா அக்கா ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்துக் கொண்டுவந்திருந்தார். கதவருகே டை கட்டிய இளம் மேனேஜர். சாமியாரிடம் மரியாதையாகத்தான் பேசினார். செபம் மெதுவாகச் சொல்லலாம், பாட்டு வேண்டாம், மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். மேல்மாடி ஜன்னல்களிலிருந்து கல்லறை தெரியும். விருந்தினர்கள் மனம் சங்கடப்படுமாம்.

மேனேஜர் சொன்னதைக் கோயில் ஆட்கள் தமிழில் எங்களுக்குச் சொன்னார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் கோபம் வந்தது. வாசலில் எலும்புக்கூடு கட்டித் தொங்கவிட்டு, சவப்பெட்டிக்குள் ஐஸ் போட்டுப் பீர் விற்கிறவர்கள், பின்னால் ஒரு பொம்பளை தன் புருஷனுக்கு ஏற்றுகிற திரியைப் பார்த்தால் சங்கடப்படுவார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போய்விட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கேட்கவே கூச்சப்படுகிறவள்.

“என்னங்க சார் நியாயம் இது? வெளையாட்டுச் சாவுக்கு வாசல்ல எடம் குடுத்திருக்கீங்க. எங்க வூட்டுச் சாவுக்கு ஒரு திரி ஏத்தக் கூடாதா? நான் ஏத்துவேன். நீங்க வந்து அணைச்சிக்குங்க.”

மேனேஜருக்குத் தமிழ் புரியவில்லை. யாரும் மொழிபெயர்க்கவும் இல்லை. ஸ்டெல்லா அக்கா வாளியோடு அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனார், பின்னால் எல்லோரும் போனார்கள்.

ஹோட்டலின் சலவைக் கூடத்து ஆவி நேராகக் கல்லறைகளின் மேல் அடிக்கிறது. ஏசி மிஷின்களைச் சுவர் முழுக்க மாட்டி, அதன் தண்ணீரை இந்தப் பக்கம் விட்டிருந்தார்கள். மாமாவின் கல்லறையில் பாதி பாசி படிந்து பச்சையாகக் கிடந்தது. சிமெண்டு பூசும்போது எழுதிய பெயரை நான் விரலால் தடவித்தான் படித்தேன். அக்கா அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் நின்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாசியைச் சுரண்ட ஆரம்பித்தாள். “இப்படியா போட்டு வச்சிருக்கீங்க, இப்படியா” என்று யாரையோ திட்டிக்கொண்டே சுரண்டினாள். திருச்சியில் மிஞ்சிய மட்டை உதவியது. வெள்ளையடித்து முடித்ததும், நேற்று அணைத்த அதே திரியை எடுத்து ஏற்றினாள். மாமாவுக்காக ஊரிலிருந்து வறுத்துக் கொண்டுவந்த முந்திரியைத் தலைமாட்டில் வைத்தாள். பிறகுதான் அழுதாள். மிஷின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

திரியை அணைக்கச் சொல்லி அந்த மலையகக் காவலாளியை அனுப்பினார்கள். அவர் வந்தார், தொப்பியைக் கழற்றினார், திரும்பிப் போய்விட்டார்.

வெளியே வரும்போது எல்லோரும் பின்கதவுக்குத் திரும்பினார்கள். அக்கா திரும்பவில்லை. “சந்து இப்படித்தான போவும்? சந்து முடிஞ்சா புன்னை மரம்” என்று ஹோட்டலின் பக்கம் இருந்த கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கையில் சுண்ணாம்பு, சேலையெல்லாம் பாசி. நான் பின்னாலேயே ஓடினேன். இத்தனை வருஷம் தடத்தில் நின்றவன், அந்த வழி சரியான வழி என்று எனக்குப் பட்டது.

மரம் இருந்தது. வரவேற்பு அறைக்கு நடுவில், மேலே கூரையைத் திறந்துவிட்டு, சுற்றிப் பளிங்கு மேடை கட்டி வைத்திருந்தார்கள். கிளைக்குக் கிளை பிளாஸ்டிக் மண்டையோடுகள் தொங்கின. பக்கத்தில் தட்டில் ரொட்டி வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா எட்டுகிற உயரத்தில் இருந்த மண்டையோடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கிழிக்கவில்லை, உடைக்கவில்லை. முடிச்சைப் பிரித்து எடுத்து, வரவேற்பு மேஜையில் கொண்டுபோய் வரிசையாக வைத்தாள். பிறகு அக்கா மேடையில், மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஃபோனை எடுத்து, ஊரில் இருக்கிற மகள் பிரின்சியைக் கூப்பிட்டாள்.

மேனேஜர் வேகமாக வந்தார். ஆங்கிலத்தில், “மேடம், உங்கள் அறை எண் என்ன?” என்றார். நான் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். சண்டை என்றால் சண்டை என்று தயாராக இருந்தேன்.

அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுண்ணாம்புக் கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்பதுபோலக் காட்டினாள்.

“பிரின்சி, அம்மாதான் பேசுறேன். சாப்ட்டியா? ஆமா, பாத்துட்டேன், வெள்ளையடிச்சிட்டேன். இப்ப அப்பா ஒக்காந்து பேசுவாரே, அந்த மரத்தடியிலதான் ஒக்காந்திருக்கேன்.” ஃபோனைக் கடல் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் இருந்தவர்களைப் பார்த்து, “அந்தப் பாட்ட நிறுத்துங்க” என்றாள், தமிழில்தான். யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, பாட்டு நின்றது.

“கேக்குதா?” என்றாள் அக்கா.